காலி செய்த வீட்டுக்கே திரும்பி வந்தோம்

முருகனை நம்புகிறவர்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்குப் பல வருடம் ஆயிற்று. கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்ல நான் வரவில்லை. நான் முதலில் கேட்டது கிடைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் இது பொய்யாகிவிடும்.

எழுபத்தாறாம் வருடம், மாசி மாதம். பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. நாங்கள் போய்ச் சேர வேண்டியதே அவரிடம்தான். மூன்று பிள்ளைகளோடும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடும் இருந்தேன். திரும்பிப் போக வீடு இல்லை. நெய்வேலியில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

என் பெயர் கோமதி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அவர் பெயர் சண்முகம். இப்போதுகூட அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவர் இருந்தவரை நான் சொன்னதே இல்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து ஓடுகிற ரப்பர் பெல்ட் கிழிந்தால் ஒட்டுகிற வேலை அவருக்கு. காண்ட்ராக்ட் வேலை. அடுத்த வருடம் பெர்மனென்ட் ஆகிவிடும், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லியே மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். மந்தாரக்குப்பத்தில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு. அவ்வளவுதான்.

அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவுக்குப் போய் அங்கே செம்புச் சுரங்கத்தில் இருந்தார். பெல்ட் ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் மூலமாக அழைப்பு வந்தது. இவருக்கு மட்டும் கம்பெனி டிக்கெட் அனுப்பியது. குடும்பத்துக்கு வீடு தருவார்கள், ஆனால் வந்து சேருவது நம் செலவு. ஆவணியில் அவர் புறப்பட்டார். ரயிலில் ஏறும்போது என்னிடம், "ஆறே மாசம் கோமதி. பிள்ளைகளை இளைக்க விட்டுராத. கப்பல்ல வந்து இறங்குங்க, நான் தாரெஸ்ஸலாம் துறைமுகத்துக்கே வந்து நிக்கேன்" என்றார். அதுதான் நேரில் அவர் கடைசியாகப் பேசியது.

கப்பலில் அடித்தட்டில்தான் எங்களுக்கு இடம். அதற்கே வீட்டில் இருந்த எல்லாவற்றையும் விற்க வேண்டியிருந்தது. கட்டில் போனது, வெண்கலப் பானை போனது, தையல் மெஷின் போனது. மெஷினைத் தூக்கிக்கொண்டு போனபோது மட்டும் கொஞ்சம் அழுதேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஷூ வாங்கினோம். இரண்டு வருடம் வரட்டும் என்று பெரிய அளவாகப் பார்த்து வாங்கி, முன்னால் பேப்பரைத் திணித்துப் போட்டுவிட்டேன். கப்பலில் காசு கொடுத்துச் சாப்பிட முடியாது என்று பொரிவிளங்காய் உருண்டையும் புளிக்காய்ச்சலும் செய்து டின்னில் அடைத்துக்கொண்டேன்.

வீட்டைப் பார்க்கப் புதிதாகக் குடிவருகிறவர்கள் வந்தார்கள். ரஹ்மத்துல்லா பாயும் அவர் மனைவி மைமூனும். பாய் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு கம்மாபுரம், முத்தாண்டிக்குப்பம் என்று ஊர் ஊராகப் போய் விற்பவர். மைமூன் என்னைவிடச் சின்னவள், இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயதில் ஒன்று. நாங்கள் இரண்டே தடவைதான் பார்த்துக்கொண்டோம். சாவியைக் கொடுக்கும்போது, ஏதாவது தபால் வந்தால் திருப்பி அனுப்புங்கள் என்று பம்பாய் விலாசத்தையும் கொடுத்தேன். வேறு பழக்கம் எங்களுக்குள் கிடையாது.

புறப்படும் முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போனேன். தேங்காய் உடைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எங்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு."

பம்பாயில் தாராவியில் ஐயாத்துரை அண்ணாச்சி வீட்டில் தங்கினோம். அவர் எங்கள் ஊர்க்காரர், தோல் பதனிடும் இடத்தில் வேலை. சின்ன வீடு. எங்களுக்காக அவரும் அவர் மகனும் வெளியே படுத்துக்கொண்டார்கள். கப்பல் இன்னும் சில நாளில் என்று இருக்கும்போது, ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி வேலையிலிருந்து பாதியில் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, பிள்ளைகளைக் கொஞ்சம் வெளிய அனுப்பு."

"என்ன அண்ணாச்சி, கப்பல் தள்ளிப் போட்டுட்டாங்களா?"

"கப்பல் இல்ல தாயி."

அவர் கையில் தந்தி இருந்தது. நெய்வேலியிலிருந்து வந்திருந்தது. ஜாம்பியாவில் காய்ச்சல் கண்டு சண்முகம் இறந்துவிட்டார், கோமதியைக் கப்பல் ஏற்ற வேண்டாம் என்று இருந்ததாம். அண்ணாச்சி படித்துச் சொன்னார். நான் நம்பவில்லை. காய்ச்சலில் யாராவது சாவார்களா? அவர் மழையிலும் வெயிலிலும் பெல்ட் மேல் ஏறி நின்று வேலை பார்த்தவர். வேறு யாருக்கோ வந்த தந்தி என்றேன். அண்ணாச்சி எங்கெங்கோ அலைந்து விசாரித்துவிட்டு மறுநாள் வந்தார். உண்மைதான். ஜாம்பியாவில் கடை வைத்திருந்த குஜராத்திக்காரர்கள் அவரைத் தகனம் செய்துவிட்டார்கள். அது முடிந்தும் சில நாள் ஆகிவிட்டது.

நான் அழவில்லை. அந்தத் தந்தியை அனுப்பியவன் மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒருவன் நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு என் குடியைக் கெடுத்துவிட்டான் என்று மனசுக்குள் திட்டினேன். புத்தி அப்படி ஆகிவிட்டது.

அண்ணாச்சி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, கழித்தது போகக் கிடைத்ததை வாங்கி வந்தார். ஸ்டேஷனில் கேட்டார்.

"எங்க தாயி போகப் போற? ஊருக்கா?"

ஊரில் என் அப்பா அம்மா இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணனுக்குக் கஷ்ட ஜீவனம், அவர் வீட்டிலேயே ஆறு பேர். போனால் நாலு நாள் சோறு போடுவார்கள். அதற்குப் பிறகு எல்லோர் முகமும் மாறும். அது அவர்கள் குற்றமும் இல்லை. என் வாயில் தானாக வந்தது, "நெய்வேலி."

"அங்க யாரு இருக்கா?"

யாருமில்லை. வேறு ஊர்ப் பெயர் என் வாயில் வரவில்லை.

ரயிலில் என் மகன் முருகேசன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "கப்பல் எப்பம்மா வரும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கு ஏழு வயது. மூத்தவள் செல்வி அவன் வாயைப் பொத்தினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பத்து வயதுப் பெண், பம்பாயிலிருந்து மெட்ராஸ் வரை டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடைக்குட்டி உமாவுக்கு நாலு வயது. அவள் அந்தப் பெரிய ஷூவைக் கழற்றவே இல்லை, அதோடேயே தூங்கினாள். கழுத்தில் நான் தாலியோடுதான் இருந்தேன், நெற்றியில் குங்குமமும் இருந்தது. அண்ணாச்சி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள். நான் பார்க்காத சாவு. அதற்காக எதைக் கழற்றுவது?

மெட்ராஸிலிருந்து பஸ். பண்ருட்டி தாண்டி முத்தாண்டிக்குப்பம் வந்ததும் உமா எழுந்து உட்கார்ந்தாள். "நம்ம ஊரு வந்துருச்சு" என்று கைதட்டினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மந்தாரக்குப்பத்தில் இறங்கினோம். சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. ஷிப்டு முடிந்து ஆட்கள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சைக்கிளையும் முருகேசன் உற்றுப் பார்த்தான். அப்பா சைக்கிளைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. நான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, "ஏம்மா, கப்பலுக்குப் போவலியா?" என்றார்.

அங்கே உட்கார்ந்துதான் நான் வேண்டினேன். கை கூப்பவில்லை. கண்ணை மூடவில்லை. கோயில் இருக்கிற திசையைப் பார்த்து, மனசுக்குள் சண்டைக்காரியைப் போலச் சொன்னேன். "உன்னிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன். கேட்ட ஒன்றையும் நீ தரவில்லை. இன்று ஒருநாள் மட்டும் இந்த மூன்றும் ரோட்டில் படுக்காமல் பார்த்துக்கொள். அது போதும். அதற்குப் பிறகு உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை."

சொல்லிவிட்டுத் திரும்பினால் உமாவைக் காணோம்.

அதற்குப் பிறகு நான் பட்டதைச் சொல்ல முடியாது. செல்வி ஒரு பக்கம் ஓடினாள். நான் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, முருகேசனைக் கையில் பிடித்துக்கொண்டு லாரி போகிற ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்திக்கொண்டு ஓடினேன். டீக்கடைக்காரரும் கடையை விட்டு இறங்கித் தேடினார். கொஞ்ச நேரத்தில் செல்வி மூச்சிரைக்க வந்தாள்.

"அம்மா, உமா வீட்டுக்குப் போயிட்டா."

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு."

அவளுக்கு யார் சொன்னார்கள், அது இனி நம் வீடு இல்லை என்று? ஊர் வந்ததும் தானாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய் வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. முன்னறையில், எப்போதும் அவள் படுக்கிற சுவரோரத்தில், வெறுந்தரையில் ஷூவோடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மைமூன் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. கூடவே கூனிக் குறுகிப் போனேன். அடுத்தவர் வீட்டில் பிள்ளை இப்படிப் புகுந்துவிட்டதே என்று தூக்க ஓடினேன்.

மைமூன் கையைக் காட்டித் தடுத்தாள். "எழுப்பாதீங்கக்கா. இப்பத்தான் கண்ணு மூடுச்சு."

"தெரியாம வந்துட்டா மைமூன். நாங்க போயிடுறோம்."

"எங்க போவீங்க?"

அவள் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஜாம்பியா தந்தி எங்க கைலதான் வந்துச்சுக்கா. இவருக்கு இங்கிலீஸ் தெரியாது. மைன்ஸ் கேட்டாண்ட எடுத்துக்கினு ஓடினாரு. அங்க ஒருத்தர் படிச்சுச் சொல்லி, அப்புறம்தான் இவரு பம்பாய்க்கு அனுப்புனாரு. அன்னியிலேருந்து நான் வாசலையே பாத்துக்கினு இருக்கேன். மூணு புள்ளைங்கள இட்டுக்கினு இந்தப் பொண்ணு எங்க போவும்னு ராவெல்லாம் தூக்கமில்ல."

நான் மனசுக்குள் சபித்த ஆள் ரஹ்மத்துல்லா பாய்தான்.

அவர் அந்தத் தந்தியை அன்றைக்கே எடுத்துக்கொண்டு ஓடாமல், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாடத்தில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாங்கள் கப்பல் ஏறியிருப்போம். தெரியாத துறைமுகத்தில் இறங்கி, வராத ஒருவருக்காகக் காத்திருப்போம். நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கேட்பதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே எனக்காக ஒருவர் சைக்கிளை மிதித்திருக்கிறார். ஒருத்தி தூங்காமல் இருந்திருக்கிறாள். முருகன் எனக்குச் செய்தது இதுதான். ஆனால் அன்றைக்கு இது எனக்குப் புரியவில்லை.

பாய் போய்ப் பெட்டிகளை எடுத்து வந்தார். அறைக்குக் குறுக்கே ஒரு புடவையைக் கட்டி, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒருநாள்தான் கேட்டேன். அது ஒன்றரை வருடம் ஆயிற்று.

டிரங்குப் பெட்டியில் என் முருகன் படம் இருப்பதை மைமூன் பார்த்தாள். "இதை மாட்டியிருந்த ஆணி அப்படியே இருக்குதுக்கா. எடுத்து மாட்டிக்கோங்க" என்றாள். பாயும் தலையாட்டினார். நான்தான் வேண்டாம் என்றேன். பெட்டியை மூடிவிட்டேன். அடுத்த மாதம் பங்குனி உத்திரம் வந்தது. காவடிகள் தெருவோடு மேளத்தோடு போயின. நான் சமையல்கட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தாலி கழுத்தில் இருந்தது. தெருவில் பெண்கள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். மைமூன் மட்டும் அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று என்னவோ தோன்றிற்று. யாரிடமும் சொல்லாமல் வேலுடையான்பட்டுக்கு நடந்தேன். சன்னதியில் கூட்டம். முன்னால் போய் நின்றேன். எத்தனையோ கேட்க நினைத்திருந்தேன். ஏன் எடுத்தாய், என்ன குற்றம் செய்தோம், அந்த முகத்தைக்கூடக் காட்டாமல் விட்டாயே என்று. ஒரு வார்த்தை வரவில்லை. கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைக் கழற்றினேன். அதில் ஒரு பொட்டுத் தங்கம் இருந்தது. உண்டியலில் போட்டேன். போட்டதும்தான் அவர் செத்துப் போனது எனக்குத் தெரிந்தது. உண்டியலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பம்பாயில் அழ வேண்டிய அழுகை, ஆடியில் வந்தது. கோயில்காரர் ஒருவர் வந்து, "அழும்மா, அழு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தேன். மைமூன் என் கழுத்தைப் பார்த்தாள்.

"எங்கக்கா?"

"உண்டியல்ல போட்டுட்டேன்."

"தங்கமும் சேத்தா?"

"சேத்துத்தான்."

"அத்த வித்திருந்தா புள்ளைங்களுக்கு ஆயிருக்குமே" என்றாள். சொன்னவள் சட்டென்று என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் நானே பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து மாட்டினேன்.

அதன் பிறகு பாய் எங்கிருந்தோ ஒரு தையல் மெஷினை வாடகைக்குப் பிடித்து வந்தார். துண்டுத் துணிகளில் குழந்தைகளுக்குப் பாவாடை, சட்டை தைத்துக் கொடுத்தேன். அவர் மூட்டையில் வைத்துக் கிராமங்களில் விற்றார். தேங்கிப் போகும் என்று பயந்தேன். கேட்டு வாங்கினார்கள். பக்கத்து வீடு காலியானபோது நாங்கள் அதற்குக் குடிபோனோம். நடுவில் இருந்த புடவை போய் ஒரு சுவர் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. செல்வியை விருத்தாசலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். முருகேசன் அவன் அப்பா செய்த வேலையே செய்கிறான், காண்ட்ராக்டில்தான். அவன் ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பும்போது தூரத்தில் அவரைப் போலவே இருக்கிறான். சில நாள் அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் உள்ளே போய்விடுவேன். உமா பிளஸ் டூ படிக்கிறாள். அன்று அந்த வீட்டில் போய்ப் படுத்தது அவளுக்கு நினைவே இல்லை. அப்பா முகமும் நினைவில்லை.

துக்கம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அவர் எப்படிச் செத்தார், கடைசியில் யாரைக் கூப்பிட்டார், தண்ணீர் கொடுக்க ஆள் இருந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் போய் அதைக் கேட்கிறேன். அவன் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் வருடம் தவிர நான் போகாமல் இருந்ததில்லை. போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறதே, அதற்காகவே அவனுக்கு நன்றி சொல்கிறேன். என் பிள்ளைகள் ஒருநாள்கூட ரோட்டில் படுக்கவில்லை. அதற்கும் நன்றி. முன்பெல்லாம் எனக்கு வேண்டியதை மட்டும் கேட்பேன். இப்போது பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு யாராவது பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. நின்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன்.

இந்த வருடம் தை மாதத்தில் மைமூனின் மூத்தவன் ஜமால் துபாய்க்குப் போனான். நாங்கள் வந்த அன்று உமாவின் ஷூவை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை. அவன் புறப்பட்ட அன்று மைமூன் என்னிடம் வந்தாள்.

"அக்கா, நான் அல்லாகிட்ட கேட்டுக்கினுதான் இருக்கேன். நீயும் உன் சாமிகிட்ட சொல்லு. புள்ள நல்லபடியா திரும்பி வரணும்னு."

எந்தச் சன்னதியில் நான் ஒன்றைக் கேட்டுக் கிடைக்காமல் போயிற்றோ, அதே சன்னதியில், அதே மாதிரி ஒன்றைக் கேட்கச் சொல்கிறாள். அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமை போனேன். ஆனாலும் கேட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை ஒருமுறை கைவிட்டவனிடம் திரும்பப் போய்க் கேட்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதையும் அவன்தான் கொடுத்திருக்க வேண்டும்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். பக்தி வராவிட்டால் கோபத்தோடாவது கேளுங்கள். பெரிதாகக் கேட்க மனசு வராவிட்டால் இன்று ஒருநாளைக்கு மட்டும் கேளுங்கள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அப்படிக் கேட்கும்போது, எங்கள் தெருப் பிள்ளை ஜமால் வெளிநாட்டில் தனியாக இருக்கிறான், அவனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவன் அம்மா பக்கத்து வீட்டில் காத்திருக்கிறாள்.